குங்குமப் பாடம்

பவுன்தாயின் போன வருடத்துப் படத்தைத் திரையில் கொண்டுவந்ததும் டாக்டர் சுகந்திக்கு முதலில் கோபம்தான் வந்தது. பயம் அதற்குப் பிறகு வந்தது.

படம் தெளிவாகவே இருந்தது. வலது மார்பின் மேல்பக்கம், நெஞ்செலும்பை ஒட்டி, உப்பைக் கிள்ளிப் போட்ட மாதிரி வெள்ளைப் புள்ளிகள். மார்பகப் படம் பார்த்துப் பழகிய எவரும் அந்த இடத்தில் கொஞ்சம் நின்றிருப்பார்கள். மார்பகப் புற்றுநோய் கைக்குத் தட்டுப்படும் கட்டியாக வளர்வதற்கு வெகு முன்னாலேயே, சில சமயம் இப்படிச் சுண்ணாம்புத் துகள்களாகத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்த நேரத்தில் பிடித்துவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளலாம். அதற்காகத்தான் ஊர் ஊராகப் படக் கருவி பொருத்திய பேருந்து அனுப்பி, நாற்பது தாண்டிய பெண்களை வரவழைத்துப் படம் எடுக்கிறார்கள். படத்துக்குக் கீழே அல்லி எழுதிய குறிப்பு இருந்தது. "தோல் மேல் தூள். கணக்கில் எடுக்கவில்லை. நலம். இரண்டு வருடம் கழித்து வரவும்."

அல்லி என்பது அந்தப் படங்களைப் படித்துச் சொல்லும் யந்திரம். யந்திரம் என்று பேச்சுக்குச் சொல்கிறோமே தவிர அதற்கு உடம்பு கிடையாது. மதுரையில் ஏதோ ஒரு கட்டடத்தின் குளிர்ந்த அறைக்குள் இருந்துகொண்டு, தேனி, மதுரை, திண்டுக்கல் பெண்களின் நெஞ்சையெல்லாம் அது பார்த்துக்கொண்டிருந்தது. அது நலம் என்று சொல்லிவிட்டால் அந்தப் படத்தை மனிதக் கண் எதுவும் மறுபடி பார்க்காது. அதுதான் ஏற்பாடு.

பவுன்தாய் இரண்டு வருடம் காத்திருக்காமல் வந்துவிட்டாள். வலது மார்பில் கொட்டைப்பாக்கு அளவுக்குக் கட்டி. அக்குளில் நெறி கட்டியிருந்தது. போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலை அவளுக்கு. வயது நாற்பத்தாறு. கட்டி கையில் தட்டுப்பட்டு ரொம்ப நாள் ஆகிவிட்டது என்றும், மெசினே நல்லாயிருக்கு என்று சொன்ன பிறகு நமக்கு என்ன தெரியும் என்று இருந்துவிட்டதாகவும் சொன்னாள். அவள் குரலில் குற்றம் சாட்டுகிற தொனி கொஞ்சமும் இல்லை. சுகந்திக்கு அதுதான் அதிகமாகக் குத்தியது.

"படம் எடுத்த அன்னைக்குத் தாலியில குங்குமம் வச்சிருந்தீங்களா?" என்று சுகந்தி கேட்டாள்.

பவுன்தாய் பக்கத்தில் நின்ற நர்ஸைப் பார்த்தாள். சுகந்தி நர்ஸை வெளியே அனுப்பினாள். பவுன்தாயின் பார்வை சுகந்தியின் கழுத்தில் வந்து நின்றது.

"உங்க கழுத்துலயும் ஒண்ணும் காணோம். அதனால சொல்றேன், டாக்டரம்மா. எங்க வீட்டுக்காரரு திருப்பூரு போயி வருசம் ஒம்பதாச்சு. அங்கன வேற குடும்பம் இருக்கு. கேக்குறவககிட்ட வேலைக்குப் போயிருக்காருன்னு சொல்லிக்கிருவேன். கயிறு மட்டும் ரவிக்கைக்குள்ள கெடக்கு. குங்குமம் வைக்கிறதில்ல. யாருக்குன்னு வைக்கிறது?"

சுகந்தியின் கை தன்னையறியாமல் கழுத்துக்குப் போனது. ஸ்கேன் அறைக்குள் உலோகம் எதுவும் ஆகாது, அதனால் தாலி லாக்கரில் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தவள், சொல்லாமல் விட்டாள். அப்போது அவள் மனம் முழுக்க அந்தப் புள்ளிகளில் இருந்தது. குங்குமம் இல்லையென்றால் அவை தோல் மேல் இல்லை. உள்ளே இருந்திருக்கின்றன. ஒரு வருடத்துக்கு மேலாக.

அல்லி அதைப் பார்க்காமல் விடவில்லை. பார்த்துவிட்டுத்தான் ஒதுக்கியிருந்தது. ஒதுக்கச் சொல்லிக்கொடுத்தது சுகந்தி.

நாலு வருடத்துக்கு முன்னால் அல்லி வந்த புதிதில், கண்ணில் பட்ட புள்ளிக்கெல்லாம் அபாயம் என்று கத்திக்கொண்டிருந்தது. அது குளிர் தேசத்துப் பெண்களின் படங்களைப் பார்த்துப் படித்துவிட்டு வந்த பிள்ளை. அந்தப் பெண்கள் யாரும் தாலியில் குங்குமம் வைப்பதில்லை. நம் பெண்களோ படம் எடுக்கத் தாலியைக் கழற்றச் சொன்னால் கழற்ற மாட்டார்கள். தோளுக்கு மேல் தூக்கி முதுகுப்பக்கம் போட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள். தாலியிலிருந்து உதிர்ந்த குங்குமம் நெஞ்சிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். கடைக் குங்குமத்தில் என்னென்ன கலக்கிறார்களோ, படத்தில் அது சுண்ணாம்புத் துகள் மாதிரியே வெள்ளையாக விழுந்தது.

ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டால் போயிற்று என்று சொல்லிவிடலாம். சொன்னார்கள். கல்யாணமான பெண்ணின் குங்குமத்தை இன்னொருத்தி கையால் அழிப்பது எந்த வீட்டில், எந்த நாளில் நடக்கும் என்று இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். உசிலம்பட்டியில் பஞ்சோடு வந்த நர்ஸை ஒருத்தி அடிக்கக் கை ஓங்கிவிட்டாள். அடுத்த ஊரில் பேருந்து நாள் முழுக்க வெறிச்சென்று நின்றது. ஆகவே துடைப்பதை விட்டார்கள். அல்லி கத்தியது, ஊசியால் சதை எடுத்துப் பரிசோதித்தார்கள், ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. முடிவு வருவதற்குள் வீட்டில் எல்லாம் முடிந்துவிடும். சின்னமனூரில் ஒருவன் மனைவியை அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டான். ஒன்றுமில்லை என்று காகிதம் வந்த பிறகும் அவன் கூட்டிக்கொண்டு போகவில்லை.

அந்தப் பெண்ணை நேரில் பார்த்துவிட்டு வந்த அன்றுதான் சுகந்தி அல்லிக்கு அந்தப் பாடத்தை எழுத உட்கார்ந்தாள். பதிவில் கல்யாணமானவள் என்று இருக்கிறதா, புள்ளிகள் தாலி புரளும் இடத்தில் இருக்கின்றனவா, அப்படியானால் அது குங்குமம், விட்டுவிடு. அல்லி உடனே பிடித்துக்கொண்டது. அலுவலகத்தில் அதற்குக் குங்குமப் பாடம் என்றே பெயர் வைத்தார்கள். பொய் அபாயங்கள் நின்றன, பேருந்துகளில் கூட்டம் வந்தது, மற்ற மாவட்டங்களிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இன்னொரு கோணத்தில் ஒரு படம் எடுத்துப் பார்த்தாலே தோல் மேல் இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஆனால் அதைப் பார்க்க ஆள் வேண்டும். பாடம் சொல்லிக்கொடுப்பது சுலபமாக இருந்தது. படம் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர்களை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். சுகந்தியும் பாஸ்டின் என்று இன்னொருவரும்தான் மிச்சம். ஆஸ்பத்திரி வளாகத்திலேயே ஒரு பேருந்தை நிறுத்தி, போன வருடம் ஊழியப் பெண்கள் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் அல்லி நலம் என்று சொல்லி, லட்டு கொடுத்துக் கொண்டாடினார்கள்.

பவுன்தாயைச் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு, சுகந்தி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு புள்ளிவிவரத்தைத் திறந்தாள். கணவனை இழந்த பெண்களிடம் அல்லி நோயை ஆரம்பத்திலேயே பிடித்திருந்தது. கல்யாணமாகாதவர்களிடமும் அப்படியே. கணவன் இருப்பவர்களிடம் பிடித்த விகிதம் அதில் பாதிகூட இல்லை. போன வருட அறிக்கையிலும் இதே வித்தியாசம் இருந்தது. துணை இல்லாத பெண்கள் கவலையில் சரியாகச் சாப்பிடுவதில்லை, அதனால் நோய் அதிகம் என்று யாரோ விளக்கம் எழுதியிருந்தார்கள். சுகந்தியும் அதைப் படித்துத் தலையாட்டியவள்தான். இப்போது புரிந்தது. அல்லி விதவைகளை உன்னிப்பாகப் பார்த்தது. சுமங்கலிகளை வாழ்த்தி அனுப்பிவிட்டது.

குங்குமம் என்று ஒதுக்கப்பட்ட படங்கள் எத்தனை என்று கேட்டாள். பதினோராயிரத்துச் சொச்சம் என்று அல்லி கூசாமல் சொன்னது.

இணை இயக்குநர் கார்மேகம் கெட்டவர் இல்லை. கூட்டத்துக்குப் பயந்தவர், அவ்வளவுதான். மேலே இருப்பவர்களுக்கு அறிக்கை போகும், கீழே இருப்பவர்களுக்கு வதந்தி போகும், நடுவில் தன் தலை உருளும் என்று எப்போதும் கணக்குப் போடுகிற மனிதர். சுகந்தி சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். புள்ளிகளின் படத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

"எல்லாரையும் திரும்பக் கூப்பிடணும் சார். இன்னொரு கோணத்துல ஒரு படம். ஊசி எதுவும் வேணாம்."

"பதினோராயிரம் பேரையுமா? இதுல நெஜமாவே நோய் இருக்கிறவங்க எத்தனை பேர் இருப்பாங்க?"

"தெரியாது. நாப்பது, அம்பது இருக்கலாம்."

"அந்த அம்பது பேருக்காக மத்தவங்க எல்லார் வயித்துலயும் புளியக் கரைக்கணுமா, டாக்டர்? சின்னமனூர் பொண்ண நீங்கதானே போய்ப் பாத்தீங்க?"

கார்மேகமே ஒரு வழி சொன்னார். அன்றைக்குத் தாலியில் குங்குமம் இருந்ததா என்று போன் போட்டுக் கேட்டுவிடலாம். இருந்தது என்று சொன்னால் அந்தப் புள்ளி குங்குமம்தான். இல்லை என்பவர்களை மட்டும் வரச் சொல்லலாம். யாருக்கும் பயமில்லை, பேருந்துகளையும் நிறுத்த வேண்டியதில்லை. அல்லியே அத்தனை பேரையும் கூப்பிட்டுக் கேட்டுவிடும்.

சுகந்திக்கு அதில் தவறு எதுவும் தெரியவில்லை. அவர் இவ்வளவு சீக்கிரம் இறங்கி வந்ததே பெரிது என்று நினைத்தாள். விழிப்புணர்வுச் செய்திகளுக்காக தன் குரலை முன்பே அல்லிக்குக் கொடுத்திருந்தாள். அந்தக் குரலில் அது எதை வேண்டுமானாலும் பேசும். பெண் டாக்டர் கேட்டால் மறைக்க மாட்டார்கள் என்று கார்மேகமும் சொன்னார். அவளே வாசகத்தை எழுதிக் கொடுத்தாள். "வணக்கம் அம்மா, நான் டாக்டர் சுகந்தி பேசுகிறேன். போன முறை மார்பகப் படம் எடுத்த அன்று தாலியில் குங்குமம் வைத்திருந்தீர்களா? ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொன்னால் போதும்." ஆம் என்று சொல்பவர்களுக்கு ஒரு ஆறுதல் வாக்கியமும் எழுதினாள். வெள்ளிக்கிழமை மாலை ஆம் என்றவர்களின் படங்களை நலம் என்று முடித்து, மேலே அறிக்கை அனுப்புவது என்று ஏற்பாடு. பெயர்கள் டாக்டர்களுக்குத் தெரியாது, பதிவு எண்கள்தான் வரும். பெயரை வெளியே விடக்கூடாது என்று சட்டம்.

வியாழக்கிழமைக்குள் பெரும்பாலான பதில்கள் வந்துவிட்டன. இல்லை என்று சொன்னவர்கள் சில நூறு பேர். மதம் என்கிற கட்டத்தைப் பார்த்தால், கிட்டத்தட்ட எல்லோரும் முஸ்லிம், கிறிஸ்தவப் பெண்கள். அவர்களுக்கு அந்தக் கேள்வியில் கூச்சப்பட ஒன்றுமில்லை. மற்றபடி போடியிலும் மேலூரிலும் நத்தத்திலும் கேட்ட இடத்திலெல்லாம் ஆம், ஆம், ஆம். அத்தனை பேரில் ஒருத்திகூடவா அன்று அவசரத்தில் மறந்திருக்க மாட்டாள் என்று சுகந்திக்கு லேசாக உறுத்தியது. பவுன்தாயின் பதிவு எண் அவளுக்குத் தெரியும். போட்டுப் பார்த்தாள். அதற்கு நேரே ஆம் என்று இருந்தது.

வார்டுக்கு ஓடினாள். பவுன்தாய் கட்டிலில் உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டிருந்தாள். மறுவாரம் அறுவை சிகிச்சை. துணி எடுத்துவரப் போடிக்குப் போயிருந்தபோது போன் வந்ததாம்.

"ஒங்க குரலுன்னு தெரிஞ்சதும் என்னமோ முக்கியமாச் சொல்லப் போறீகன்னு ஸ்பீக்கர்ல போட்டுட்டேன். நீங்க கேட்டது இது. நாத்தனா இருக்கா, கொழுந்தன் பொண்டாட்டி இருக்கா, பக்கத்து வீட்டுக்காரவக வாசல்ல நிக்கிறாக. என்னத்தச் சொல்ல?"

"இது உயிர் போற விஷயம்மா. உங்களுக்கே தெரியும்ல?"

"அது ஒங்களுக்கும் எனக்கும் தெரியும். அவுக காதுல விழுந்தது, குங்குமம் வச்சியா இல்லையாங்கிறதுதானே."

சுகந்தி இதைக் கொண்டுபோய்க் கார்மேகத்திடம் சொன்னாள். அவர் அசையவில்லை. ஒருத்தி சொன்னதை வைத்துப் பதினோராயிரம் பேரும் பொய் சொல்கிறார்கள் என்று எப்படி எழுதுவது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். படிக்காதவர்கள் ஒன்றிரண்டு பேர் அப்படித்தான் இருப்பார்கள், விவரம் தெரிந்தவர்கள் சொல்லமாட்டார்களா என்றார். வேறு ஆதாரம் இருந்தால் நாளை மாலைக்குள் கொண்டுவரச் சொன்னார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சுகந்திக்கு அவர் மேல் எரிச்சல், அதைவிடப் பவுன்தாய் மேல் எரிச்சல். சாவு வாசலில் வந்து நிற்கும்போதும் நாத்தனார் என்ன நினைப்பாள் என்று பார்க்கிற புத்தி என்ன புத்தி என்று மனதுக்குள் திட்டினாள். தன்னுடைய எண்ணைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. நோய் என்பது மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வருவது என்றுதான் டாக்டர்களுக்கு ஒரு நினைப்பு.

வெள்ளிக்கிழமை காலை வீடு அதன் வழக்கப்படி நடந்துகொண்டிருந்தது. மாமியார் தனபாக்கியம் பூஜை அலமாரியைத் துடைத்து, விளக்கேற்றி, குங்குமச் சிமிழை மருமகள் பக்கமாக நகர்த்தி வைத்தார். தன் கையால் குங்குமத்தைத் தொட்டு எடுத்துக் கொடுக்க மாட்டார். கணவர் போன பிறகு அப்படியொரு பழக்கம். நகர்த்தி வைப்பார், சுகந்தி எடுத்துக்கொள்வாள். எடுத்துக்கொள்வதாகக் காட்டுவாள் என்பதுதான் சரி. ஆஸ்பத்திரி லாக்கரில் கிடக்கும் தாலிச் சங்கிலி மாலையில் வீட்டுக்குள் நுழையும்போது கழுத்துக்கு வரும், மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனதும் லாக்கருக்குப் போகும். வெள்ளைக் கோட்டில் சிவப்புக் கறை படிகிறது என்று சிமிழுக்குள் விரல் விடுவதை அவள் நிறுத்தி வெகு காலம் ஆகிவிட்டது. விரல் சிமிழுக்கு மேலே போய்விட்டுத் தாலிக்கு வரும், அவ்வளவுதான். டாக்டராக இருந்தும் என் மருமகள் வெள்ளிக்கிழமை தவறாமல் குங்குமம் வைக்கிறாள் என்று தனபாக்கியம் கோயிலில் சொல்லிப் பெருமைப்படுவது அவளுக்குத் தெரியும். யாருக்கும் கெடுதல் இல்லாத சின்ன ஏமாற்று என்று நினைத்திருந்தாள்.

போன் அடித்தது. சுகந்தியின் கையில் தோசை மாவு. கணவன் கதிரேசன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டு அவள் முகத்துக்கு நேரே பிடித்தான்.

"வணக்கம் அம்மா, நான் டாக்டர் சுகந்தி பேசுகிறேன்."

கதிரேசன் சிரித்துவிட்டான். உன்கிட்டயே உன் குரல்ல பேசுது பாரு என்றான். தனபாக்கியம் சிரிக்கவில்லை, அடுப்படி வாசலில் நின்று கவனமாகக் கேட்டார். அந்தக் குரல் பொறுமையாக, இதமாக, அவளே எழுதிக் கொடுத்த வார்த்தைகளைச் சொல்லிக் கேட்டது. படம் எடுத்த அன்று தாலியில் குங்குமம் வைத்திருந்தீர்களா?

"ஆமா, வச்சிருந்தேன்" என்றாள் சுகந்தி.

யோசித்துச் சொல்லவில்லை. தடுமாறக்கூட இல்லை. யாராவது சாப்பிட்டாயிற்றா என்று கேட்டால் ஆயிற்று என்று சொல்வோமே, அப்படி வந்துவிட்டது.

"நன்றி அம்மா. பயப்பட ஒன்றுமில்லை. உங்கள் படத்தில் தெரிந்தது குங்குமம்தான். அடுத்த வருடம் வந்தால் போதும்" என்று சொல்லிவிட்டுக் குரல் போய்விட்டது.

படத்தில் தெரிந்தது. அந்த வார்த்தை அவளுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஒதுக்கப்பட்ட படங்களுக்கு உரியவர்களை மட்டும்தானே அல்லி கூப்பிடுகிறது. அப்படியானால் தன் படத்திலும் புள்ளிகள் இருக்கின்றன. ஊழியர்கள் எல்லோரும் பேருந்தில் ஏறிய அன்று அவள் கழுத்தில் சங்கிலியே இல்லை. லாக்கரைப் பூட்டிவிட்டு நேராக அங்கே போனது நன்றாக நினைவிருக்கிறது. என்ன செய்கிறோம் என்று தெரியாமல் மாவுக் கையைக் கழுவி, சிமிழைத் திறந்து, குங்குமத்தை அள்ளித் தாலியில் அப்பினாள். சொன்ன பொய்யை அப்படி நிஜமாக்கிவிடலாம் என்பதுபோல. நெஞ்சிலும் ரவிக்கையிலும் சிவப்பாகக் கொட்டியது. தனபாக்கியம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அலுவலகத்துக்கு வந்ததும் தன் எண்ணைப் போட்டாள். இடது மார்பில் புள்ளிகள், நெருக்கமாக. தோல் மேல் தூள், கணக்கில் எடுக்கவில்லை, நலம். பார்க்கப் பார்க்கக் கண் கலங்கியது. சுண்ணாம்பில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. இத்தனை வருடம் ஆயிரக்கணக்கான படம் பார்த்தவளுக்கு இந்தப் புள்ளிகள் எந்த வகை என்று சொல்லத் தெரியவில்லை. படத்தை எடுத்துக்கொண்டு கார்மேகத்தின் அறைக்குப் போனாள்.

"ஆதாரம் கேட்டீங்களே சார், இந்தாங்க."

அவர் மேலே இருந்த எண்ணைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இது யாரு?"

"நான்தான். காலையில போன் வந்துச்சு. என் குரல், நான் எழுதுன கேள்வி. எதுக்காகக் கேக்கிறாங்கன்னு இந்த மாவட்டத்துலயே எனக்குத்தான் நல்லாத் தெரியும். என் மாமியார் பக்கத்துல நின்னாங்க சார். ஆமான்னு சொல்லிட்டேன்."

கார்மேகத்துக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஜன்னலைப் பார்த்தார். அப்படியென்றால் வேறு என்ன கேள்வி கேட்பது என்றார்.

"எதுவும் கேக்க வேணாம். சும்மா வரச் சொல்லுங்க. அத்தனை பேரையும்."

"பழைய கலாட்டா எல்லாம் திரும்ப வரும், மேடம்."

"வரட்டும். பாஸ்டினும் நானும் பாக்குறோம். வேற வேலைக்குப் போனவங்களைத் திரும்பக் கூப்பிடுங்க. இந்தப் புள்ளிகளை எனக்கு நானே பாத்துச் சொல்ல முடியல சார். அவங்களுக்கும் யாராவது பாக்கணும்ல."

மாலை போக வேண்டிய அறிக்கையை அவர் மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடினார். அது அவருக்குச் சின்ன விஷயம் இல்லை. அல்லிக்குப் புது வாசகம் எழுதினார்கள். படத்தில் ஒரு சந்தேகம், இன்னொரு படம் எடுக்க வேண்டும், ஊசி இல்லை, வலி இல்லை, யாரையும் துணைக்கு அழைத்து வரலாம். கேள்வி எதுவும் இல்லை.

தன் படத்தைப் பேருந்தில் அன்றே எடுத்துக்கொள்வது என்று சுகந்தி தீர்மானித்தாள். அதற்கு முன்னால் வீட்டுக்குப் போனாள். பேருந்துப் பெண்கள் மூலமாக விஷயம் எப்படியும் வெளியே வரும், அத்தைக்குத் தன் வாயால் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. தனபாக்கியம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சுகந்தி எதிரே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள், சிமிழில் விரல் படாத கதையை முதலில். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"தெரியும்" என்றார் தனபாக்கியம்.

சுகந்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"சிமிழ்ல குங்குமம் பொங்கலுக்குக் கொட்டி வச்சது கொட்டுன மேனிக்கே இருக்கு. வெள்ளிக்கிழமைதோறும் எடுத்தா கொறையாதா? நீ எனக்காகப் பாவனை பண்றேன்னு எனக்குத் தெரியும். நான் கண்டுக்கிட்டா நீ சங்கடப்படுவேன்னு பேசாம இருந்துட்டேன்."

"காலையில போன்ல கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாமே அத்தை."

"எம்புள்ள முன்னாடி ஒன்னய எப்படி விட்டுக்கொடுக்கிறது?" என்றவர் கீரையை அப்படியே தள்ளிவைத்துவிட்டு எழுந்தார். "கெளம்பு. நானும் வர்றேன்."

பேருந்துக்குள் படம் எடுக்கிற பெண்ணுக்குச் சுகந்தியைத் தெரியும். ரவிக்கையைக் கழற்றியதும் நெஞ்செல்லாம் காலையில் அப்பிய குங்குமம். இதோடு எடுத்தால் மறுபடியும் குழப்பம்தான். அந்தப் பெண் பஞ்சை நனைத்துக் கையில் வைத்துக்கொண்டாளே தவிர, கிட்டே வரத் தயங்கினாள். துடைச்சுக்கிறீங்களா மேடம் என்று முனகினாள். சுகந்தி தாலிச் சங்கிலியைக் கழற்றினாள். வைக்க இடம் தேடியபோது தனபாக்கியம் கையை நீட்டி அதை வாங்கி, தன் முந்தானையில் முடிந்துகொண்டார். பிறகு அந்தப் பெண்ணிடமிருந்து பஞ்சையும் வாங்கினார்.

"அத்தை, நானே—"

"சும்மா நில்லு. எம்புள்ளைக்கு இதனால ஒண்ணும் ஆகாது. நீ நல்லாயிருந்தாப் போதும்."

ஈரப் பஞ்சால் கழுத்திலிருந்து கீழே மெதுவாகத் துடைத்துக்கொண்டே வந்தார். பஞ்சு சிவந்துபோனது. இன்னொன்று கேட்டு வாங்கித் துடைத்தார். தோல் சுத்தமாகும்வரை துடைத்துவிட்டு, தன் கையை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொண்டு, திரைக்கு வெளியே போய் முடிச்சைப் பிடித்தபடி உட்கார்ந்தார்.

யந்திரத்தின் தட்டு இறங்கி இடது மார்பை அழுத்தியது. இன்னொரு கோணம். மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள் அந்தப் பெண்.

சுகந்தி பிடித்துக்கொண்டாள்.